அந்த மானுக்கு முன்னால் கிளை எதுவும் இல்லை

லான்ஸ், மிச்சிகன்
செப்டம்பர் 14

அன்பு மகள் ஐலிக்கு அப்பா எழுதுவது. வெலிங்டனில் குளிர் விட்டிருக்கும், கூடவே உன் இருமலும் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். அம்மா சுகமாக இருக்கிறாள். என் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே, அதை ஒரு வரியில் முடிக்க முடியவில்லை, கொஞ்சம் பொறுத்துக்கொள். ஏரிக் காற்று திரும்பிவிட்டது, காலையில் கண்ணாடியில் பனி படிகிறது. ஆப்பிள் இந்த வருஷம் கொள்ளை, பாதியைக் கரடி தின்றது, மீதியை அம்மா ஜாடிகளில் அடைத்துக்கொண்டிருக்கிறாள். சவுனா நீராவி அறையின் புகைக்குழாயை மாற்றியாகிவிட்டது.

போனில் சொல்லியிருக்கலாம். நீ அழுதால் நான் பேச்சை மாற்றிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். முதலில் ஒரு பொய்யைத் திருத்த வேண்டும். போன அக்டோபரில் பெண் மான் ஒன்று அடிபட்டு ஓடியதைச் சொன்னேன் அல்லவா, அம்பு கிளையில் பட்டுத் திசை மாறிவிட்டது என்றேன். அந்த மானுக்கு முன்னால் கிளை எதுவும் இல்லை ஐலி. பதினெட்டு கஜம், திறந்த வெளி, காற்றுகூட இல்லை. அம்பு வில்லை விட்டுக் கிளம்பும்போதே ஒரு தட்டல் சத்தம் கேட்டது, அம்பு வாலை ஆட்டிக்கொண்டு போய் மானின் வயிற்றில் பட்டது. இரண்டு நாள் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே சதுப்பில் நடந்தேன். மூன்றாம் நாள் காக்கைகள்தான் இடத்தைக் காட்டின. இறைச்சி கெட்டுப் போயிருந்தது. நாற்பத்தொரு வருஷத்தில் எனக்கு அப்படி நடந்ததில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தேன், வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் கிளை என்றே சொன்னேன்.

குளிர்காலம் முழுக்க அம்புகளைக் குற்றம் சொன்னேன். புது அம்பு வாங்கினேன், இறகை மாற்றினேன், நாணை மாற்றினேன். தட்டல் நிற்கவில்லை. ஜூலையில் வில்லை வெர்னா கோஸ்கியிடம் எடுத்துப் போனேன். பராகா போகிற சாலையில் வில் செய்கிற பெண், உன்னைவிட நாலைந்து வயது மூத்தவள், வாய் கொஞ்சம் நீளம், கை சுத்தம். பிடிக்கு மேலே அம்பு உட்காருகிற தட்டில் ஒட்டிய தோல் தேய்ந்துவிட்டது, புதிதாக ஒட்டிக்கொடு, அவ்வளவுதான் என்றேன். அவள் விளக்கை இழுத்துப் பிடித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "உங்க வில்லை வேற யாராச்சும் எடுக்கிறாங்களா?" என்றாள். என் வில்லையும் என் பல் பிரஷ்ஷையும் யாரும் தொடமாட்டார்கள் என்றேன். அவள் சிரிக்கவில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு முட்டை அட்டைப் பெட்டியை எடுத்தாள். கழற்றுகிற பழைய தோல்களை எல்லாம் பெயர் எழுதி அதில் போட்டு வைக்கிற பழக்கம் அவளுக்கு. போன வருஷம் வசந்தத்தில் எனக்கு மாற்றிக் கொடுத்தபோது கழற்றியதும் அதில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பழையது பன்னிரண்டு வருஷம் உழைத்தது, நடு மேட்டில் ஒரே ஒரு கோடு, மெழுகு பூசினாற்போலப் பளபளப்பு. புதியது ஒரு வருஷம்தான், முன் ஓரம் கடித்துத் துப்பியது போல இருந்தது, பக்கவாட்டுத் தோலில் கீறல், பின் ஓரத்தில் இறகு உரசிய வழுவழுப்பு. "இது ரெண்டும் ஒரே ஆளு செஞ்ச வேலையா?" என்றாள்.

முதலில் அவளும் வில்லைத்தான் சந்தேகப்பட்டாள். வில்லின் தண்டு முறுக்கியிருக்கிறதா என்று நாணோடு சேர்த்துப் பார்த்தாள், அம்பு கோக்கிற முடிச்சை அளந்தாள், ஒன்றும் இல்லை. காலுக்குப் போடுகிற பவுடரைத் தட்டில் தூவி என்னை எய்யச் சொன்னாள். ஒவ்வொரு அம்புக்கும் பிறகு பவுடர் கலைந்த இடத்தைக் காகிதத்தில் வரைந்துகொண்டாள். ஆறு அம்பு. அப்புறம் அதே வில், அதே அம்பு, அவள் ஆறு எய்தாள். அவளுக்கு நடுவில் ஒரே கோடு. காகிதத்தை என் முன்னால் வைத்து, "வில்லுல கோளாறுன்னா ஒரே எடத்துல உரசணும். யாரு எய்தாலும் உரசணும். உங்களுக்கு ஆறு அம்புக்கு ஆறு எடம். நீங்க எடது கையால வில்லை நெரிக்கிறீங்க, அதான் முறுக்கிக்குது. ஏன் நெரிக்கிறீங்கன்னுதான் தெரியல," என்றாள். சொல்லிவிட்டு மேஜைமேல் கிடந்த என் இடது கையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கட்டைவிரல் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. "தோலை மாத்துறது பத்து நிமிச வேலை. மொதல்ல டாக்டரப் போய்ப் பாருங்க," என்றாள். நீ எப்போது டாக்டருக்குப் படித்தாய் என்று கேட்டுவிட்டு வில்லைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவளிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.

மூன்று வாரம் டாக்டரிடம் போகவில்லை. கடைசியில் ஒரு நாள் மத்தியானம் களஞ்சியத்தில் வைக்கோல் கட்டை நிறுத்தி, நானே பவுடர் தூவி எய்து பார்த்தேன். வெர்னா தப்பு என்று நிரூபிக்க வேண்டும் எனக்கு. பத்து அம்புக்குப் பத்து இடம். அம்மா வாசலில் நிற்பதைக் கவனிக்கவில்லை. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மானையும் சேர்த்து. கேட்டுவிட்டு, "ஏன்யா ஆர்வோ, ஒரு வருசமா உனக்கு முக்காக் கோப்பைதான் காப்பி ஊத்துறேன், சிந்தக் கூடாதுன்னு. ஒரு நாளாச்சும் ஏன்னு கேட்டியா?" என்றாள். வைக்கோல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் மட்டும் கேட்டுவிடுவாயா, யாராவது வெளி ஆள் சொன்னால்தானே உனக்கு ஏறும் என்றாள். அவள் அழுது முடிக்கும்வரை இரண்டு பேரும் அங்கேயே இருந்தோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். பார்க்கின்சன் என்றார். ஆரம்ப நிலை, மாத்திரை இருக்கிறது, உடற்பயிற்சி இருக்கிறது, பல வருஷம் நன்றாக ஓட்டலாம் என்றார். நடுக்கத்தை அடக்க நினைத்து நினைத்து, எனக்கே தெரியாமல் பிடியை நெரித்திருக்கிறேன். நடுங்குகிற கையோடு ஒரு உயிரைக் குறி பார்த்திருக்கிறேன், அதுதான் என்னை அறுக்கிறது. நோய் என் தப்பில்லை. தட்டல் சத்தம் செப்டம்பரிலேயே கேட்டது, கேட்டும் அக்டோபரில் வேட்டைப் பரண் ஏறினேன், அது என் தப்பு.

இந்த வருஷம் வேட்டை உரிமம் எடுக்கவில்லை, இனி எடுக்கவும் மாட்டேன். போன சனிக்கிழமை பெரிய மேப்பிள் மரத்திலிருந்து பரணை இறக்கினேன், அம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டாள். பலகைகள் கோழிக்கூண்டுக்கு ஆகும். வெர்னாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், அம்மா சுட்ட ஏலக்காய் ரொட்டியோடு. ரொட்டியை வாங்கிக்கொண்டு, "மன்னிப்பை நீங்களே வச்சுக்குங்க, அடுத்த தடவை வெண்ணெயும் கொண்டாங்க," என்றாள். தோலை மாற்றித் தந்தாள். வைக்கோலில் எய்வேன், அது எங்கே பட்டாலும் வைக்கோலுக்கு வலிக்காது.

நீ வேலையை விட்டுவிட்டு ஓடி வர வேண்டாம். பள்ளிக்கூட வருஷத்தை முடி, கிறிஸ்துமஸ் விடுமுறையில் வந்தால் போதும். மலைப் பாதையில் ஓட்டுகிறாய், பிரேக்கைப் பார்த்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது முதல் கேள்வியாக என் கையைக் கேட்காதே, உன் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிச் சொல், பிறகு கேள், மறைக்காமல் சொல்வேன். அம்மாவிடம் தனியாகவும் பேசு, அவள் என் முன்னால் தைரியமாக இருந்து களைத்துப் போகிறாள்.

கடவுள் உன்னை நோய் நொடி இல்லாமல், பயமில்லாமல் வைத்திருக்கட்டும். ஒன்று மட்டும் மறந்துவிட்டேன். இந்தப் பக்கத்துக்கு வர வர என் எழுத்து சிறுத்துக்கொண்டே போவதைப் பார்த்திருப்பாய். காகிதத்தை மிச்சம் பிடிப்பதற்காக இல்லை, அதுவும் இந்த நோயின் வேலைதானாம். பெரிதாக எழுது, பெரிதாக எழுது என்று அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருக்கிறாள். உன் பெயரை மட்டுமாவது பெரிதாக எழுதப் பார்க்கிறேன்.

ஐலி.

என்றும் உன் அப்பா,
ஆர்வோ