வீட்டு இலக்கம் இல்லாதவர்கள்

இன்று காலை வேறொருவர் எழுதிய ஸ்கிரிப்ட்டைத் திறந்தேன். எக்ஸ்எம்எல் கோப்பைப் படிக்கும் இடத்தில் ஒரு வரி: வீட்டு இலக்கம் வெறுமையாக இருந்தால் அந்த ஆளைத் தாண்டிப் போ. சுள்ளென்று கோபம் வந்தது. பிறகு வெட்கம் வந்தது. இருபது வருடங்களுக்கு முன் பதுளை அலுவலகம் ஒன்றில் அதே வரியை எழுதியவள் நான்தானே. நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

அந்த அலுவலகத்தில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து மேசை. அடையாள அட்டை இல்லாத தேயிலைத் தோட்டத்து மக்களின் விபரங்கள், தோட்டத்துக்கு ஒரு கோப்பாக வந்திருந்தன. பெயர், தகப்பன் பெயர், முகவரி எல்லாவற்றுக்கும் 'டேக்' எனும் தனித்தனிக் குறிகள். அவற்றைப் பைத்தனில் படித்துப் பட்டியலாக்குவது என் வேலை. பட்டியலில் பெயர் இருந்தால்தான் அட்டைக்குக் கூப்பிடுவார்கள். ஸ்கிரிப்ட் ஒரு பிழையும் காட்டாமல் ஓடி முடிந்தது. நான் பெருமையோடு நாற்காலியில் சாய்ந்தேன்.

லுணுகலைப் பக்கத்து உன் தோட்டத்தின் பட்டியலை விரலால் தடவிக்கொண்டே போனாய்.

"என்னடி இது, எங்கம்மாவக் காணோம்? ஸ்டாஃப் குவாட்டர்ஸ் ஆளுங்க மட்டும் இருக்காங்க. லயத்துச் சனமெல்லாம் எங்க போச்சு?"

யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளை நான். இலக்கம் இல்லாத வீட்டை அறியாதவள். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கு ஏது வீட்டு இலக்கம்? லயத்து எண்ணும், அதற்குள் காம்பரா எனும் அறையின் எண்ணும்தான். பதிந்தவர்கள் அவற்றைக் 'குறிப்பு' என்ற குறிக்குள் போட்டிருந்தார்கள். அதைப் படிக்கும்படி ஸ்கிரிப்ட்டுக்கு நான் சொல்லவே இல்லை.

பட்டியல் அன்று பின்னேரமே கொழும்புக்குப் போக வேண்டும். மேலதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். "இருக்கிறத அனுப்புங்க. மிச்சத்தப் பிறகு பாக்கலாம்."

நீ எழுந்தாய். "எங்க பாட்டன் காலத்துலருந்து இந்தப் 'பிறகு'ங்கிறதத்தாங்க சார் கேட்டுக்கிட்டு இருக்கோம். இது போகாதுங்க." அச்சிட்ட தாள்களை உன் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினாய். வேலை போய்விடும் என்றார் மேலதிகாரி. "போகட்டுங்க" என்றாய்.

நான் நாலே நாலு வரி மாற்றினேன். வீட்டு இலக்கம் இல்லையென்றால் குறிப்பைப் படி, லயத்தையும் காம்பராவையும் முகவரியாக எழுது. பட்டியல் பக்கம் பக்கமாக நீண்டது. உன் அம்மாவின் பெயரை நீ எல்லோருக்கும் கேட்கச் சத்தமாக வாசித்தாய்.

"இப்ப அனுப்புங்க சார்." பிறகு என் பக்கம் குனிந்து, "ஒன் படிப்புல தீய வைக்க" என்றாய். அந்தத் திட்டு எனக்கு வேண்டியதுதான்.

சென்ற வருடம் உன் மரணத்தைப் பதிய நானும் உன் அம்மாவும் போனோம். எழுதுவினைஞர் முகவரியைத் தோட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொண்டார். "லயந்தானே, இது போதும்." எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ஏழாம் லயம், மூண்டாம் காம்பரா. எழுதுங்கோ. எழுதுமட்டும் நான் இந்த இடத்த விட்டு அசையமாட்டன்."

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். அவர் எழுதினார். நான் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன். உன் பிடிவாதம் என்னைத் தொற்றிவிட்டது. மருந்து தேடுவதாக இல்லை.