நீலக் கோட்டும் கத்திரிப்பூப் புடவையும்

ராயக்கோட்டை
8.6.2025

அன்புள்ள அண்ணிக்கு,

வினோதா எழுதுவது. நான் இருக்கிறேன். நாட்றாம்பாளையத்தில் நீங்கள் சுகமாக இருக்கச் சாமியை வேண்டிக்கொள்கிறேன்.

பஸ்ஸில் கொடுத்தனுப்பிய ராகியும் கொள்ளும் வந்து சேர்ந்தன. கோபத்திலும் எனக்குக் கொடுத்தனுப்பத் தோன்றியதே, ரொம்ப நன்றி. உங்கள் ஊரில் டவர் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நீங்கள் எடுப்பதில்லை. எடுத்தாலும் எனக்குப் பேச்சு வராது. உங்கள் பேச்சில் உங்கள் தம்பியின் இழுவை இருக்கிறது. அதனால்தான் கடிதம்.

அவருடைய காரியம் முடிந்த கையோடு நான் ஓசூர் கம்பெனிக்குத் திரும்பிப் போனதில் உங்களுக்கு மனவருத்தம். "முனிராஜ் போயி வருஷம் திரும்பல, அதுக்குள்ள பஸ் ஏறிட்டா" என்று நீங்கள் சொன்னது என் காதுக்கும் வந்தது. வீட்டில் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும் அண்ணி. வருகிறவர்கள் எல்லாரும் முதலில் என் நெற்றியைப் பார்த்தார்கள், அப்புறம் கழுத்தை. அதற்கப்புறம்தான் முகத்தைப் பார்த்தார்கள்.

கம்பெனியில் அது இல்லை. நாங்கள் செய்வது கரண்ட் சாமானுக்குள் வைக்கிற சின்னச் சின்ன அட்டைகள். தூசி படக்கூடாது. அதனால் உள்ளே போகிற எல்லாரும் பூ, வளையல், பொட்டு எல்லாவற்றையும் கதவுக்கு வெளியே பெட்டியில் வைத்துவிட வேண்டும். போன வாரம் கல்யாணம் ஆனவளும் வைக்க வேண்டும். அப்புறம் நீலக் கோட்டு, தலை மூடுகிற தொப்பி, மாஸ்க். கண் மட்டும்தான் தெரியும். ஐந்து வருஷமாக அந்தக் கோட்டைத் திட்டிக்கொண்டே போட்டேன், புழுங்குகிறது என்று. இப்போது அது எனக்குக் கோயில் மாதிரி. மாஸ்க்குக்குள் அழுதுகொண்டே வேலை செய்திருக்கிறேன், பக்கத்தில் இருப்பவளுக்குக்கூடத் தெரியாது.

அந்தக் கம்பெனி நன்றாக இருக்கட்டும். நீங்களும் என்னைத் தப்பாக நினைக்காமல் ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி பெண்டாட்டி,
வினோதா


நாட்றாம்பாளையம்
2.7.2025

வினோதாவுக்கு சாந்தம்மா எழுதுவது.

கடிதம் கிடைத்தது. என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுமையாகப் படி. கோபம் இல்லை என்று எழுதினால் பொய். இருந்த ஒரே தம்பி போய்விட்டான், யாரிடம் கோபப்படுவது? கிடைத்தவள் நீ.

தொப்பி போட்டுக்கொண்டு என்ன வேலையோ. திருப்பதியில் மொட்டை போட்டு வந்தவள் மாதிரி இருப்பாய் என்று நினைத்துச் சிரித்தேன். சிரித்து ரொம்ப நாளாகிறது. அதற்காகவே இந்தக் கடிதம்.

இங்கே மழை இல்லை. காட்டோரம் யானை இறங்கி, இருந்த கொஞ்சம் ராகியையும் மிதித்துவிட்டது. என் கொழுந்தன் வீட்டில் வழக்கம்போல். சோறு போடுகிறார்கள், முகம் கொடுப்பதில்லை.

ஒன்று கேட்கிறேன். அங்கே யாரும் நெற்றியைப் பார்ப்பதில்லை என்று எழுதினாயே, நிஜம்தானா? இல்லை, என் சமாதானத்துக்கு எழுதினாயா?

சாந்தம்மா


ராயக்கோட்டை
24.8.2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை உங்கள் தம்பி போட்டோவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். எழுதினதற்கு நன்றி. பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஓவர்டைம் விடவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் கேட்டது நிஜம்தான். ஒரு சங்கதி சொல்கிறேன். ஆடி வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறோம். ஹரிணி என்று ஒரு பெண், என் பக்கத்துச் சீட்டு. பெட்டியிலிருந்து அவளுடைய மல்லியை எடுத்து, துண்டு துண்டாகக் கிள்ளி வரிசையில் வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே இருந்தாள். எல்லாரும் இன்னும் தொப்பி, மாஸ்க்கோடு. என் கையிலும் ஒரு துண்டு வைத்துவிட்டாள். அப்புறம்தான் கண்ணைப் பார்த்து, "ஐயோ, நீயாக்கா! யாருன்னு தெரியாம குடுத்துட்டேன்க்கா" என்று கையைப் பிசைந்தாள்.

"குடுத்தது குடுத்ததுதான். எங்க ஊட்டுக்காரர் போட்டோவுக்குப் போட்டுக்கறேன்" என்றேன். டிபன் பாக்ஸில் வைத்துக் கொண்டுவந்தேன். வீடு வந்தும் வாசம் போகவில்லை. யாரென்று தெரியாமல் கொடுத்தாள் பாருங்கள், அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது.

இப்போது ஒரு சிக்கல். எங்கள் சூப்பர்வைசர் மணிமேகலை மேடம், புதிதாகச் சேருகிறவர்களுக்கு வேலை சொல்லித்தருகிற ஆளாக என்னைப் போடுகிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் அது வெளியே, வாசலுக்குப் பக்கத்து அறையில். கோட்டு கிடையாது, தினமும் சொந்தத் துணி. "நானும் கோட்டே போட்டுக்கறேனே மேடம்" என்று கெஞ்சினேன்.

"எல்லாரும் ஒரே கோட்டு போட்டுகினு நின்னா, புதுசா வர்ற பொண்ணு பயத்துல யார்கிட்ட போயி நிப்பா வினோதா? உன்னைப் பாத்தா தெரியணும்" என்றார்கள்.

என்னைப் பார்த்தால் தெரியத்தானே கூடாது என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து துணிப்பெட்டியைத் திறந்தேன். மேலேயே அந்தக் கத்திரிப்பூக் கலர் புடவை. பொங்கலுக்கு உங்களுக்கும் எனக்கும் அவர் ஒரே மாதிரி எடுத்தாரே, அதுதான். "ஒரே மாதிரி எடுத்துட்டா ரெண்டு பேரும் மூஞ்சி தூக்க மாட்டீங்க" என்று சொன்னார். சிவராத்திரிக்குக் கட்டலாம் என்று வைத்தேன். அதற்குள் அவர் போய்விட்டார். எடுத்து மடியில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன். இதைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினால் தெருவே பார்க்கும். வெளுத்த புடவை கட்டினால் புதிதாக வருகிற பெண்கள் பார்ப்பார்கள். எதைக் கட்டினாலும் அது ஒரு பதில் சொல்கிற மாதிரி இருக்கிறது.

வேண்டாம் மேடம் என்று சொல்லிவிட்டேன். ஆயுதபூஜை வரைக்கும் யோசி என்றிருக்கிறார்கள். எனக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. கோட்டுக்குள்ளேயே இருந்துவிடுகிறேன்.

வினோதா


நாட்றாம்பாளையம்
9.9.2025

வினோதாவுக்கு,

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். பூ சங்கதியை மட்டும் இன்னும் அதிகம்.

என் புடவையும் மடிப்புக் கலையாமல்தான் இருக்கிறது. "எனக்கெதுக்குடா இந்தக் கலரு, ஊரு சிரிக்கும்" என்று அவனைத் திட்டினேன். "சிரிக்கட்டும்க்கா, நான் எடுத்துக் குடுத்தேன்னு சொல்லு" என்றான். கட்டிக் காட்டியிருக்கலாம். நீ கட்டு என்றும் நான் சொல்ல மாட்டேன், கட்டாதே என்றும் சொல்ல மாட்டேன்.

உனக்குத் தெரியாததை எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் போன நாளிலிருந்து இந்தச் சுற்றுவட்டத்தில் எவள் தாலி இறங்கினாலும் வளையல் கழற்ற என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். கல்யாணத்துக்குக் கூப்பிடுவதில்லை. உன் கல்யாணத்தில் நான் எங்கே இருந்தேன் தெரியுமா? அடுப்படியில். தம்பி கல்யாணத்தை மேளச் சத்தத்தில்தான் தெரிந்துகொண்டேன். உன் கை வளையலையும் என்னையே கழற்ற வைத்தார்கள். அன்றிலிருந்து என் கையை எனக்கே பிடிக்கவில்லை.

உன் கம்பெனியில் கேன்டீன் இருக்கும் அல்லவா? ராகிக் களி கிண்டுவேன், பாத்திரம் கழுவுவேன், கூட்டுவேன். எனக்கும் அந்தக் கோட்டும் தொப்பியும் கிடைக்குமா? கண் மட்டும் தெரிந்தால் போதும். நீ உள்ளேயே இரு, நானும் உள்ளே வந்துவிடுகிறேன்.

ஓசூர் எனக்குத் தெரியாத ஊர். அதுதான் பயம்.

சாந்தம்மா


ராயக்கோட்டை
21.9.2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அன்றைக்கு மற்றவர்கள் வெடுக்கென்று இழுத்தார்கள். நீங்கள் சோப்பு போட்டு, ஒரு கீறல் படாமல், ஒவ்வொன்றாகக் கழற்றினீர்கள். எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தக் கைக்கு நான் கும்பிடு போட வேண்டும்.

மணிமேகலை மேடத்திடம் கேட்டேன். கேன்டீனில் ஆள் வேண்டுமாம். கோட்டு, தொப்பி எல்லாம் உண்டு. "எந்த ஊரு அவங்க? ஆதார் கார்டு எடுத்துகினு வரச்சொல்லு" என்றார்கள். கேன்டீனுக்கு வருகிறவர்களும் முதல் நாள் வாசல் பக்கத்து அறையில்தான் உட்கார வேண்டும். தொப்பி எப்படிப் போடுவது, கை எப்படிக் கழுவுவது என்று சொல்லித்தருவார்கள்.

அந்த ஆள் யார் என்றால் நான்தான். ஒத்துக்கொண்டுவிட்டேன்.

நீங்கள் உள்ளே வருகிறேன் என்று எழுதியதிலிருந்து மனசு அதிலேயே இருந்தது. கோட்டு நல்லதுதான் அண்ணி. எனக்கு வேண்டியிருந்தபோது என்னை மூடி வைத்தது. உங்களுக்கும் அது கிடைக்கட்டும், வேண்டும் மட்டும் உள்ளே இருங்கள். ஆனால் நாம் இரண்டு பேருமே கண் மட்டும் தெரிய நின்றால், தெரியாத ஊரில் நீங்கள் யார் முகத்தைப் பார்த்து வருவீர்கள்?

ஆயுதபூஜை முடிந்த திங்கட்கிழமை வாருங்கள். அஞ்செட்டி வந்து, தேன்கனிக்கோட்டை வழியாக ஓசூர் பஸ் ஸ்டாண்ட். அங்கேயிருந்து கம்பெனிப் பெயர் சொன்னால் ஷேர் ஆட்டோக்காரர் இறக்கிவிடுவார். வாசலில் எல்லாரும் நீலக் கோட்டில் போய்வந்துகொண்டிருப்பார்கள். மிரளாதீர்கள். கத்திரிப்பூக் கலர் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

உங்களுடையதையும் கட்டிக்கொண்டு வாருங்கள். செக்யூரிட்டி, "ரெண்டு பேரும் ஒரே மாதிரி, இது எந்தக் கம்பெனி யூனிபார்மு?" என்று கேட்டால் முனிராஜ் கம்பெனி என்று சொல்லிக்கொள்வோம்.

உங்கள் வழி பார்த்திருக்கும்,
வினோதா

பின்குறிப்பு: உங்கள் ரவிக்கைத் துணி இன்னும் தைக்காமல்தான் இருக்கும். கையில் கிடைத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு, துணியை மறக்காமல் பையில் வையுங்கள். இங்கே தைத்துக்கொள்ளலாம்.