விளக்கு எரியாத ரேம்

பிப்ரவரி 6, வெள்ளி

அறைத்தோழி ஷீபாவின் லேப்டாப் மூன்றாவது முறையாகச் செத்துவிட்டது. ஒரகடம் கம்பெனி அனுப்பிய டெஸ்ட் ஃபைலைத் திறந்தால் போதும், வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, அப்படியே நின்றுவிடுகிறது. கார் கதவை வெல்டிங் செய்யும்போது பிடித்துக்கொள்ளும் ஃபிக்ஸ்சர் அது. அதில் மூன்று கிளாம்ப் பிடிகளை இடம் மாற்றி வரைந்து பதினாறாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். "சொந்த கம்ப்யூட்டர்ல செஞ்சு அனுப்பும்மா. அதைப் பாத்துட்டுத்தான் எடுக்கிறதா இல்லையான்னு சொல்வேன்" என்றார் அங்கே டிசைன் பிரிவைப் பார்க்கும் சங்கரநாராயணன் சார்.

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு நாலு வருஷமாக சுங்குவார்சத்திரத்தில் செல்போன் கம்பெனியில் போர்டு லைனில் நிற்கிறேன். ஷிஃப்ட் முழுக்க நின்றபடிதான். உட்கார்ந்து படம் வரைகிற வேலை முதல் தடவையாக இவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறது. விடுவேனா? சேர்த்து வைத்ததை எடுத்துச் சொந்தமாக ஒரு டெஸ்க்டாப் அசெம்பிள் செய்யப் போகிறேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

கம்ப்யூட்டரில் படம் வரையப் படித்த மறைமலை நகர் சென்டருக்குப் போனேன். பழைய மாணவர்களை ஞாயிறு மட்டும், அதுவும் ஒரு மணி நேரம்தான் விடுவார்கள். வரைய உட்காரவில்லை. ஃபைலைத் திறந்து எவ்வளவு ரேம் மெமரி தின்கிறது என்று மட்டும் பார்த்தேன். திறந்ததும் 19 ஜிபி. கிளாம்பை நகர்த்தினால் 23. அளக்காமல் எதையும் பாஸ் பண்ணாதே என்று லைனில் முதல் நாளே மண்டையில் ஏற்றியிருக்கிறார்களே.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஸ்ரீபெரும்புதூரில் அருள்நாதன் அண்ணன் கடை. மற்றதெல்லாம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. ரேமில்தான் சண்டை. விலை ஏறிக் கிடக்கிறது. கையில் இருப்பதற்கு ஒன்று, விளக்கு வைத்த 16 ஜிபி ரேமும் ஒரு கிராபிக்ஸ் கார்டும் வாங்கலாம். இல்லையென்றால் சாதா 16 இரண்டு வாங்கலாம், கார்டு கிடையாது.

"இன்னாமா நீ, ஒரு பதினாறு போதும். மிச்சத்துக்கு கார்டு போட்டுக்கோ. எல்லாரும் அதான் வாங்கினு போறாங்க. கலர் கலரா லைட்டு எரியும், ஜம்முனு கீது பாரு!"

"இருவத்தி மூணு வேணும்ணே. பதினாறுல எப்படி நிக்கும்?"

"யார் சொன்னா?"

இந்த நோட்டையே எடுத்து, மற்ற வரிகளைக் கையால் மறைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக் கணக்கைக் காட்டினேன். அண்ணன் சிரித்துவிட்டார். "இருவது வருசமா கடை வெச்சினு கீறேன். அளந்துகினு வந்து ரேம் வாங்குற ஆளை இப்பதான் பாக்குறேன். அப்பால தப்பாப் போச்சுன்னு என்னாண்ட வராத."

சாதா 16 இரண்டு. ஒரே மாதிரி இரண்டாகப் போட்டால் வேகமும் கூடும், கேன்டீனில் இரண்டு கவுன்டர் திறந்த மாதிரி.

பிப்ரவரி 12, வியாழன்

இந்த வாரம் செகண்ட் ஷிஃப்ட். காலை முழுக்க என்னுடையது. டிரங்குப் பெட்டியின் மேல் எல்லாவற்றையும் பரப்பி, பதினோரு மணிக்குள் மாட்டி முடித்தேன். சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பு.

ரேமைக் கழற்றி மறுபடி மாட்டினேன். கறுப்பு. இடம் மாற்றினேன். கறுப்புதான்.

அருள்நாதன் அண்ணனுக்குப் போன் போட்டால், "அந்த ரேமு செட்டாவலயோ இன்னாவோ. நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்கிறார். ஷீபா தன் பங்குக்கு, "ஏட்டி இசக்கி, பேசாம அவரு சொன்னதையே வாங்கியிருக்கலாம்லா?"

இசக்கி, நீ ஒரு கிறுக்கச்சி. ஊரே ஒண்ணு சொன்னா நீ மட்டும் ஏன்டி வேற செய்யணும்? இன்னும் நாலே நாளு. அழுகையா வருது. அழுதுட்டேதான் ஷிஃப்டுக்குப் போறேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

நேற்று சாயங்காலம் லைனில் ஒரு புதுப் பெண்ணை சூப்பர்வைசர் திட்டிக்கொண்டிருந்தார். "போர்டு மேல பலம் போடாத! பூ மாதிரி வெக்கணும்னு எத்தினி வாட்டி சொல்றது?"

என் கை நின்றுவிட்டது. நாலு வருஷமாக நானும் பூ மாதிரிதான் வைக்கிறேன். ரேமையும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்! எத்தனை தடவை கழற்றி மாட்டினாலும் அதே இரண்டு விரல், அதே பூ.

இன்று பல்கூடத் தேய்க்காமல் கம்ப்யூட்டர் டப்பாவைத் திறந்தேன். இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தினேன். போர்டு லேசாக வளைந்தது. விடவில்லை. டக். ஓரத்துக் கொக்கி தானாக வந்து ரேமைப் பிடித்துக்கொண்டது. அடுத்தது. டக்!

திரையில் 32 ஜிபி. நான் போட்ட கூச்சலில் ஷீபா எழுந்து ஓடிவந்தாள். ஃபைல் திறந்தது. கிளாம்ப் சொன்ன பக்கமெல்லாம் நகர்ந்தது. அளந்ததும் சரி, வாங்கியதும் சரி!

"ரேம்ல லைட்டு இல்லாட்டி என்னட்டி, ஒம் மூஞ்சில எரியுதே" என்றாள் ஷீபா.

பிப்ரவரி 15, ஞாயிறு

அனுப்பிவிட்டேன், ஒரு நாள் முன்னதாகவே. கேட்டது மூன்று கிளாம்ப். நான்காவது ஒன்று வேலை செய்கிறவர் முழங்கையில் இடிக்கும் இடத்தில் இருந்தது. அதையும் நகர்த்தி, ஏன் என்று ஒரு வரி எழுதி வைத்தேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

கிடைத்துவிட்டது! கிடைத்துவிட்டது!

"நாலாவது கிளாம்பை யார் மாத்தச் சொன்னது?" என்று கேட்டார் சார். "நின்னு வேலை பாக்குறவங்களுக்குத் தெரியும் சார்" என்றேன்.

மார்ச் 9, திங்கள்

ஒரகடத்தில் முதல் நாள். நாற்காலி சுழல்கிறது. யாரும் பார்க்காதபோது ஒரு முறை சுற்றிப் பார்த்துக்கொண்டேன்.

எனக்குக் கொடுத்த கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்தால் வட்டம் சுற்றுகிறது. "இங்க எல்லா மெஷினும் இப்படித்தான், பழகிடும்" என்றார் பக்கத்து சீட்டுக்காரர். நான் பழகவில்லை. அளந்தேன். சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன்: இருப்பது பதினாறு, கேட்பது இருபத்து மூன்று.

இரண்டு எண்களையும் தானே ஒருமுறை சரிபார்த்தார். பிறகு பர்சேஸ் படிவத்தை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். "நாலு மெஷினுக்கு. எது வேணும்னு நீயே எழுதும்மா."

16 ஜிபி, எட்டு. விளக்கு வேண்டாம். கடை: அருள்நாதன், ஸ்ரீபெரும்புதூர்.

படிவத்தின் கடைசிக் கட்டத்தில், யார் மாட்டுவது என்று கேட்டிருந்தது. இசக்கி என்று எழுதினேன்.