அப்பாவின் பெயர் பெறாத சிலந்தி

இல்லை அம்மா, அந்தச் சிலந்திக்கு அப்பா பெயரை வைக்க முடியாது. தம்பி அதற்குள் ஊரெல்லாம் சொல்லிவிட்டான் என்று எழுதியிருந்தாய். அவனுக்குப் பக்குவமாகச் சொல். உன் முழங்கால் வலி குறைந்ததா?

இந்தத் தீவின் குதிக்கும் சிலந்திகள் எல்லாம் ஒரே வம்சம், அதில் பல இனங்கள். நான் பிடித்த சாம்பல் நிறப் பெண் சிலந்தி புது இனம் என்று நினைத்தேன். போன மாதம் அதை வைத்திருந்த பெட்டியைத் துடைக்கும்போது, எப்போதோ பெயர் வைக்கப்பட்ட ஒரு பச்சை இனத்தின் ஆண் தாவி அதற்குள் போய்விட்டது. தின்றுவிடுவாள் என்று பயந்தேன். அவன் முன்கால்களைத் தூக்கி ஆடினான். இவள் நின்று பார்த்தாள். இப்போது பெட்டி நிறையக் குஞ்சுகள். ஆண் பச்சை, பெண் சாம்பல், அவ்வளவுதான்; இரண்டும் ஒரே இனம்தான். பழைய பெயர்தான் செல்லும்.

"வாயைத் திறக்காம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே," என்று பேராசிரியர் சிரித்தார். மறைக்க எனக்கு மனசு வரவில்லை.

அப்பா போன அன்று இந்தச் சிலந்தியைத் தேடித்தான் சிக்னல் இல்லாத காட்டில் இருந்தேன். செய்தி வர மூன்று நாள் ஆயிற்று. அதற்கு ஈடாக அவர் பெயராவது நிற்கும் என்று நம்பியிருந்தேன். "எட்டுக்கால் பூச்சிக்கு என் பேரா? நல்ல மரியாதைடி!" என்றுதான் சொல்லியிருப்பார்.

அடுத்த முறை நான் கூப்பிட்டால் நீ பேச வேண்டாம். போனைச் சமையலறையில் வைத்துவிட்டு உன் வேலையைப் பார். நம் வீட்டுச் சத்தத்தை நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆய்வகத்தைப் பூட்டப் போகிறார்கள். அப்பா பெயர் எழுதிய சீட்டைப் பெட்டியிலிருந்து பிரித்தெடுத்துவிட்டு, பழைய பெயரை எழுதி ஒட்டினேன்.