ஒன்பது நாள் நகராத கப்பல்

செப்டம்பர் 8, 2025 – திங்கள்

வரலாற்று வகுப்பில் நீலிமா மேம் சீட்டுக் குலுக்கினார். இரண்டாம் உலகப்போர் கண்காட்சிக்கு ஆளுக்கொரு தலைப்பு. அபிஷேக்குக்கு பேட்டில்ஷிப், கப்பல்களிலேயே யானை. எனக்கு 'பசிபிக் போரில் ஒரு டெஸ்ட்ராயர்'. பெயரைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. அழிப்பதற்கென்றே பிறந்த கப்பல்!

முதல் பரிசு: ஒரே ஒருவர், என்.சி.சி. குழுவுடன் விசாகப்பட்டினம் போகலாம். நிஜ டெஸ்ட்ராயரைப் பக்கத்தில் பார்க்கலாம். எனக்குப் பதினான்கு வயது. இன்னும் கடலைப் பார்த்ததில்லை. ஆபீஸ் செலவில் ஊர் போய்வரும் எல்.டி.சி. கிடைக்கும்போதெல்லாம் அப்பா சொந்த ஊரான லால்குடிக்குத்தான் கூட்டிப் போவார். லால்குடியில் வாய்க்கால் இருக்கிறது.

இதைத் தமிழில் எழுதுவதில் ஒரு வசதி. அபிஷேக் என் பையைக் குடைந்தாலும் படிக்க முடியாது.

செப்டம்பர் 10

கப்பல் கிடைத்துவிட்டது. பெயர் 'விட்காம்'. அமெரிக்கக் கப்பல். அதன் போர்க்கால நாட்குறிப்பு முழுதும் இணையத்தில் இருக்கிறது – கப்பலும் டைரி எழுதுகிறது! முனிர்கா மார்க்கெட்டில் அறுபத்துநான்கு பக்கம் பிரிண்ட் எடுத்தேன். கடைக்கார பையா கேட்டார்: "பிஎச்.டி. கர் ரஹீ ஹோ க்யா, பேட்டா?" பிஎச்.டி. பண்ணுகிறாயா என்கிறார். இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

செப்டம்பர் 12

ஏமாற்றம். பெரிய ஏமாற்றம்.

"ஆறு சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகச் சென்றோம். குறிப்பிடத்தக்கது ஏதுமில்லை." அடுத்த நாள்: "திரும்பினோம். குறிப்பிடத்தக்கது ஏதுமில்லை." பென்சிலால் கோடு போட்டு எண்ணினேன். எண்பத்தேழு முறை!

என் கப்பலின் சாதனைகள் இதுவரை: (ஒன்று) பெரிய கப்பல்களுக்குத் தபாலும் உருளைக்கிழங்கும் கொண்டுபோய்க் கொடுத்தது. (இரண்டு) நீர்மூழ்கிக் கப்பலை ஆறு மணி நேரம் துரத்திக் குண்டு போட்டது, அது திமிங்கிலம், தப்பித்துவிட்டது. (மூன்று) கடலில் விழுந்த விமானி ஒருவரைத் தூக்கிக் காப்பாற்றி, விமானந்தாங்கிக் கப்பலிடம் ஒப்படைத்து, பதிலுக்கு ஐஸ்க்ரீம் வாங்கியது.

இதை வைத்துக்கொண்டு யானையோடு எப்படி மோதுவது?

செப்டம்பர் 14 – ஞாயிறு

மாதிரிக் கப்பல் தயார். பலகையும் கெட்டி அட்டையும். நீளம் இரண்டடி. வர்ணம் மட்டும் பாக்கி. அங்கேதான் அப்பா உள்ளே நுழைந்தார்.

அப்பா கடற்படைக்கு வேண்டிய சாமான்கள் வாங்கும் அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர். பதினோரு வருஷமாகப் பெயிண்ட் ஃபைல் அவரிடம்தான். கப்பலில் ஏறியதில்லை. தொட்டதுகூட இல்லை. ஆனால் நான் வாங்கிவைத்திருந்த டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "இது பீரோ சாம்பல். கப்பல் சாம்பல் இல்லை" என்றார்.

கோட்லா மார்க்கெட்டில் பெயிண்ட் கடைக்காரர், "சாப், கிரே தோ கிரே ஹோதா ஹை" என்றார். சாம்பல் என்றால் சாம்பல்தானாம். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. நான்கு முறை கலக்கச் சொன்னார். "இன்னும் ஒரு சொட்டு நீலம், பையா. ஒரு சொட்டு." கடைசியில் கடைக்காரர் கரண்டியை அப்பாவிடமே கொடுத்துவிட்டார்.

"அப்பா, இது நம்ம நேவி சாம்பல். விட்காம் அமெரிக்கக் கப்பல்."

"ஃபோட்டோ கறுப்பு வெள்ளைதானே? அதுல எல்லாக் கப்பலும் சாம்பல்தான். பேசாம இரு."

செப்டம்பர் 18

ஐம்பத்தோராம் பக்கம். இன்று திமிங்கிலத்தை மறந்துவிட்டேன்.

1945, ஏப்ரல். ஒக்கினாவா தீவுக்கு வடக்கே விட்காமைத் தனியாக நிறுத்துகிறார்கள். எதிரி விமானம் வருகிறதா என்று ரேடாரில் பார்த்து, பின்னால் இருக்கும் கப்பல்களுக்குச் சொல்ல வேண்டும். வருகிற விமானம் முதலில் பார்ப்பதும் அதைத்தான். மாற்றுக் கப்பல் வரும்வரை இடத்தை விட்டு நகரக் கூடாது. மூன்று நாளில் வர வேண்டியது வரவில்லை. "மாற்று வரவில்லை. இடத்தில் இருக்கிறோம்." நான்காம் நாள் அதே வரி. ஐந்தாம் நாள் அதே வரி. ஏழாம் நாள் ஒரு விமானம் பக்கத்திலேயே விழுந்து வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். ஒருவனுக்குப் பதினெட்டு வயது. அன்றைக்கும் கடைசியில் அதே வரி.

மொத்தம் ஒன்பது நாள்.

சமையலறையில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "ஒன்பது நாளும் என்னடி சாப்ட்டா?"

"உருளைக்கிழங்கு தீந்துபோச்சு. அப்புறம் பட்டாணி."

"சுண்டல்" என்றாள் அம்மா.

செப்டம்பர் 21 – மகாளய அமாவாசை

போச்சு. எல்லாம் போச்சு.

மதியம் கூடத்தில் அம்மா கொலு வைத்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே பேச்சுக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வெளியே வந்தால் – ஏழு படி, கீழே பூங்கா, பூங்காவில் கண்ணாடிக் குளம், குளத்தில் விட்காம்!

"அம்மா! இது வெள்ளிக்கிழமை ஸ்கூலுக்குப் போகணும்!"

"வாத்து கழுத்து ஒடிஞ்சுபோச்சு. குளத்துல இதை வெச்சுக்கட்டுமாடின்னு உன்னைத்தானே கேட்டேன். 'ம்'னியே."

சொல்லியிருப்பேன். படிக்கும்போது நான் எதற்கும் 'ம்' சொல்வேன். போன மாதம் சங்கீத வகுப்பில் சேர்ந்ததும் அப்படித்தான்.

"எடுத்துக்கறேனே?"

"கொலுவுல வெச்சதை நடுவுல எடுக்கப்படாது. விஜயதசமி முடியட்டும்."

விஜயதசமி அக்டோபர் 2. கண்காட்சி செப்டம்பர் 26.

செப்டம்பர் 23

அப்பாவிடம் மேல்முறையீடு செய்தேன். "அது உங்கம்மா மினிஸ்ட்ரி. நான் வேற மினிஸ்ட்ரி" என்று பேப்பரை உயர்த்திக்கொண்டார்.

அம்மாவிடம் மறுபடி போனேன். ஒரு அரை நாள் மட்டும், வைத்த இடத்திலேயே திரும்ப வைக்கிறேன் என்று. அம்மா கடலை ஊறவைத்துக்கொண்டே கேட்டாள்: "உன் கப்பல் ஒன்பது நாள் நின்னுதா இல்லையா? நடுவுல அரை நாள் லீவு போட்டுதா?"

என் ஆராய்ச்சியை எனக்கே எதிராகப் பயன்படுத்துகிறாள். இனி எதையும் படித்துக் காட்டக் கூடாது.

செப்டம்பர் 24

வெற்றிலை பாக்குக்கு வந்த மாமி ஒருத்தி கேட்டாள்: "இது என்ன, குகனோட ஓடமா?"

"இல்லை மாமி, எங்க அகல்யாவோடது. பசிபிக்ல ஒன்பது நாள் தனியா நின்னுது. மாத்து வரலை." அம்மா முழு வரலாற்றையும் சொன்னாள். தபால், ஐஸ்க்ரீம், அந்தப் பதினெட்டு வயதுப் பையன். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்து வந்தவர்களுக்கும் சொன்னாள். இரவுக்குள் திமிங்கிலம் இரண்டாகிவிட்டது. திருத்தினேன். "கேக்கறதுக்கு நன்னா இருக்குடி, விடு."

செப்டம்பர் 25

இன்னொரு கப்பல் செய்யப் பார்த்தேன். நேரமில்லாததால் தெர்மகோல். மேலே ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தேன். பெயிண்ட் தெர்மகோலைத் தின்றுவிட்டது. பத்து நிமிஷத்தில் கப்பலே இல்லை. இவ்வளவு வேகமாக எதிரிகூட எதையும் அழித்ததில்லை.

கடலைப் பார்க்கும் வாய்ப்பு நாளை கைவிட்டுப் போகும்.

செப்டம்பர் 26 – வெள்ளி

ஒரு தொட்டி நிறைய தண்ணீர் வைத்தேன். நடுவில் ஒன்றுமில்லை. முன்னால் ஓர் அட்டை: 'கப்பல் காவல் பணியில் உள்ளது. மாற்று வரவில்லை.'

பக்கத்தில் அபிஷேக்கின் யானை, விளக்கெல்லாம் எரிய மிதந்தது. "தேரா ஜஹாஸ் டூப் கயா க்யா?" என்றான். மூழ்கிவிட்டதா என்று கேட்கிறான். மூழ்கவில்லை. அதுதான் பிரச்சினையே.

நடுவர் ஓய்வுபெற்ற கமாண்டர் சுந்தரேசன். தொட்டியை எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஒன்பது நாளையும் சொன்னேன். எண்பத்தேழு 'குறிப்பிடத்தக்கது ஏதுமில்லை'யையும் சொன்னேன் – அந்தக் கப்பல் பக்கத்தில் இருந்ததால்தான் மற்ற கப்பல்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று. இது நான் எழுதிவைத்திருந்த பேச்சில் இல்லை. வாயிலிருந்து வந்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

கடைசியில் மெதுவாகத் தமிழில் கேட்டார்: "நிஜமா கப்பல் எங்கம்மா?"

"கொலுவுல, சார்."

அவர் சிரிக்கவில்லை. "எடுத்துண்டு வந்திருந்தா நானே மார்க் போட்டிருக்க மாட்டேன்" என்றார்.

பேச்சுக்கு அறுபதுக்கு ஐம்பத்தெட்டு. மாதிரிக்கு நாற்பதுக்குப் பூஜ்யம். ரூல் ரூல்தான். அபிஷேக் முதலிடம். கை குலுக்கினான். கை ஈரமாக இருந்தது, யானை ஒழுகிக்கொண்டிருந்தது.

பாத்ரூமில் ஐந்து நிமிஷம் அழுதேன். குறிப்பிடத்தக்கது ஏதுமில்லை.

செப்டம்பர் 28 – ஞாயிறு

கமாண்டர் தன் மனைவியோடு கொலு பார்க்க வந்தார்! மாமி பாடினார். கமாண்டர் தரையில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி மாட்டி, குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெயிண்ட் யாரு?"

அப்பா கதவுக்குப் பின்னாலிருந்து பாதி வெளியே வந்தார்.

"இந்தச் சாம்பலை நான் இருபது வருஷம் சுரண்டவெச்சு, திரும்ப அடிக்கவெச்சிருக்கேன். அப்படியே அச்சு அசலா இருக்கு. நீங்க எந்தக் கப்பல்ல இருந்தேள்?"

"ஃபைல்ல, சார்" என்றார் அப்பா.

கமாண்டர் சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "ஒரு தரம் நேர்ல பாருங்கோ, ராஜகோபாலன். விசாகப்பட்டினத்துல நான் சொல்லிவைக்கறேன்."

அவர் போன பிறகும் அப்பா குளத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அக்டோபர் 1 – சரஸ்வதி பூஜை

புத்தகங்கள் எல்லாம் பூஜையில். படிக்கக் கூடாது. பால் பாக்கெட்டில் இருப்பதைக்கூட அம்மா படிக்கவிடவில்லை. எழுதலாமா என்று கேட்கவில்லை.

அக்டோபர் 3

நேற்று இரவு கொலுவை முடிக்க ஒரு பொம்மையைப் படுக்கவைக்க வேண்டியிருந்தது. அம்மா விட்காமைப் படுக்கவைக்கப் போனாள். ஓடிப்போய்த் தடுத்தேன். கப்பலைச் சாய்த்தால் மூழ்கிவிட்டது என்று அர்த்தம். அம்மா யோசித்துவிட்டு, செட்டியாரைப் படுக்கவைத்தாள்.

இன்று காலை கப்பலை எடுத்து என் இரண்டு கையிலும் கொடுத்தாள். "போடி. மாத்து வந்தாச்சு."

சாயங்காலம் அப்பா எல்.டி.சி. படிவத்தை நிரப்பினார். 'சொந்த ஊர்' என்று எழுதியிருந்ததை ஒரு கோடு போட்டு அடித்தார். அப்பா படிவத்தில் அடித்து எழுதி நான் பார்த்ததில்லை.

டிசம்பர் 27 – விசாகப்பட்டினம்

துறைமுகத்தில் கமாண்டரின் பெயரைச் சொன்னதும் உள்ளே விட்டார்கள். டெஸ்ட்ராயர் எங்கள் தெரு அளவு நீளம். அப்பா மேலே, கீழே எங்கும் பார்க்கவில்லை. நேராகப் போய் உள்ளங்கையைக் கப்பலின் பக்கவாட்டில் வைத்தார். ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை. பிறகு என்னிடம் மட்டும், "நாம கலந்தது இன்னும் ஒரு சொட்டு நீலம் கேட்டிருக்கு" என்றார்.

அப்புறம் கடற்கரை. மணலில் உட்கார்ந்திருந்தேன். அம்மா ஏதோ கேட்டாள். 'ம்' என்றேன். புத்தகம் பையிலேயே இருந்தது.

எதற்குச் சம்மதித்தேன் என்று இன்னும் தெரியவில்லை.