கணக்குக் கேட்கக்கூடாத வீடு

அக்கா,

முந்தாநாள் காலை உன் வளவுக்குள் சுண்ணாம்பு நீற்றினார்கள். பீப்பாவுக்குள் தண்ணீர் விழுந்ததும் அது சீறிக் கொதித்து எழுப்பிய மணம் மதிலைத் தாண்டி, ஒழுங்கையைத் தாண்டி, வல்வெட்டித்துறைக் கடற்கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த என் மூக்கைப் பிடித்து இழுத்து வந்து உன் குசினி வாசலில் நிறுத்திவிட்டது. ஏழு கடலையும் சாரத் தலைப்பில் முடிந்துகொண்டு திரிந்த உன் தம்பி, ஒரு பீப்பாச் சுண்ணாம்புக்கு முன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன். சுண்ணாம்பு நெடி கண்ணைக் கரித்துவிட்டது என்றுதான் எல்லோருக்கும் சொல்லிவைத்திருக்கிறேன். நீயும் அப்படியே நம்பிக்கொள்.

நீ போய் ஒரு வருடமாகிறது. ஆட்டைத் திவசத்துக்கு முன் வீட்டுக்கு வெள்ளை அடித்துவிட வேண்டுமென்று உன் மகள் வதனி, தன் மகள் சுபாவையும் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். வெள்ளை அடிக்க வந்தவர் அறைகளை முடித்துக்கொண்டு குசினிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஐயா, உந்த அடுப்படிச் சுவருக்கும் அடிக்கிறதோ?"

கேட்டுவிட்டு நின்றார். எமனுக்கே மறுமொழி தயாராக வைத்திருக்கிற நான் வதனியைக் கூப்பிட்டேன். நீ இருந்தவரை அந்தச் சுவரில் வெள்ளை பட்டதில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் அதன் முன்னால் அகப்பையோடு நின்று, "அது புகைச் சுவர், அடிச்சாலும் நிக்காது" என்று ஆட்களைத் திருப்பி அனுப்பிவிடுவாய். சுவரின் கீழ்ப்பக்கம், ஒரு ஏழு வயதுப் பிள்ளையின் கை எட்டும் உயரத்தில், கரியால் எழுதிய இலக்கங்கள் இருந்தன. இப்போது புகையோடு புகையாய், இரண்டொரு பூச்சியம் மட்டுந்தான் தெரிகிறது.

அந்தப் பூச்சியங்கள் எப்படி வந்தன என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன். தெரிந்த கதையை நூறு மடங்காக்கிச் சொல்வதுதானே என் உத்தியோகம்.

பத்து வருடம் கோயில் கோயிலாக நேர்ந்து நீ பெற்ற ஒரே பிள்ளை வதனி. மற்றப் பிள்ளைகள் இனிப்பைக் கண்டால் வாயைத் திறப்பார்கள்; அவள் விரலை விரிப்பாள். நான் கொண்டுவந்த பேரீச்சம்பழத்தை வீட்டிலுள்ளவர்களுக்குச் சரிசமனாகப் பிரித்து, மிஞ்சிய ஒன்றை எத்தனை துண்டாக்கலாம் என்று யோசித்து யோசித்தே அதைக் கைக்குள் பாணியாக்கிவிட்டாள். மாதுளங்காயை உடைத்துக் கொடுத்தால் முத்து முத்தாய் எண்ணித் தின்று முடிப்பதற்குள் ஒரு சோளகக் காற்றுக் காலமே முடிந்துவிடும்.

இது அத்தானின் கண்ணில் பட்டது. அத்தான் தங்கமான மனிதர். நெல்லியடியில் புடவைக்கடை. ஆனால் நல்ல சேலையைக் கண்டால் விரித்துக் காட்டாமல் இருக்க முடியாதது அவருடைய தொழில். பிள்ளையையும் விரித்துக் காட்டத் தொடங்கினார். வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணிக்கு முதல் வதனி வருவாள். வந்தவரின் கதிரைக்கு முன்னால் நிறுத்தி, "பதினேழாம் வாய்பாட்டைச் சொல்லு பிள்ளை" என்பார். சொன்னால் பத்தொன்பது. அதுவும் சொன்னால் தலைகீழாக.

ஒருநாள் கடைக்கு மொத்தமாகத் துணி கொடுக்கும் முதலாளி ஒருவர் வந்திருந்தார். பலகாரத்தைக் கடித்துக்கொண்டே, "பன்னிரண்டு தரம் பதினேழு எவ்வளவு பிள்ளை?" என்றார்.

"இருபத்தொன்பது" என்றாள் வதனி.

அத்தானின் முகம் சாயம் போன சீத்தைத் துணியாகிவிட்டதாம். அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் பிழை. நான் கடலால் வந்து இறங்கியபோது வீடு செத்தவீடு மாதிரி இருந்தது. நீ அடுப்படியில் இருந்தபடி என்னைக் கூப்பிட்டாய்.

"டேய் தம்பி, தெரியாத பிள்ளையெண்டால் யோசிக்கும். உவள் கேட்ட கையோடை பிழை சொல்லுறாள். பிழையை ஆயத்தமாய் வைச்சிருக்கிறாள்."

"ஏனாம்?"

"சரி சொன்னால் இன்னொண்டு கேப்பினம். பிழை சொன்னால் விட்டிடுவினம்."

"அத்தானுக்குச் சொல்லன்."

"சொன்னன். ரியூசன் வாத்தியார் பிடிக்கப் போறாராம். பிரம்போடை வாற ஆளாம்." பிறகு நீ குரலைத் தாழ்த்தினாய். "அவள் சோதினை பாஸ் பண்ணாட்டிலும் பறவாயில்லையடா. அவள் எண்ணுறதையே விட்டிட்டாள். நேற்று மாதுளங்காய் உடைச்சுக் குடுத்தன். சும்மா திண்டிட்டுப் போறாள்."

உலகத்தில் எத்தனையோ துக்கச் செய்தி கேட்டிருக்கிறேன் அக்கா. ஒரு பிள்ளை மாதுளங்காயைச் சும்மா தின்றுவிட்டுப் போனதை இப்படி ஒருத்தி சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நீ ஆடிய கூத்தை எந்தக் கொட்டகையிலும் கண்டதில்லை. செத்தல் மிளகாயும் உப்பும் கைக்குள் பொத்தி, அத்தானைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி, பிள்ளையின் தலையைச் சுற்றி, துப்பச் சொல்லி, அடுப்புக்குள் போட்டாய். மிளகாய் வெடித்தது. ஒருவருக்கும் இருமல் வரவில்லை.

"பாத்தியளே, நெடியே இல்லை" என்றாய். "கொள்ளை நாவூறு. கணக்குக் கேட்ட ஒவ்வொரு வாயும் பிள்ளையிலை பட்டிருக்குது."

அத்தான் வெளிறிப் போனார். அதே மூச்சில் நீ சட்டம் போட்டாய். "இண்டையிலை இருந்து இந்த வீட்டிலை ஒருத்தரும் பிள்ளையிட்டைக் கணக்குக் கேக்கப்படாது. வாற ஆக்களும் கேக்கப்படாது. வாத்தியாரும் வேண்டாம்."

"எவ்வளவு நாளைக்கு?" என்று கேட்டார் பாவம்.

"அதுவும் கணக்குத்தான். கேக்கப்படாது."

நான் அடுப்புக்குப் பக்கத்தில்தான் நின்றேன். உன் கையிலிருந்து விழுந்தது மிளகாயா, அல்லது மிளகாயின் காம்பு மட்டுந்தானா என்பதில் எனக்கு அன்றே ஒரு சமுசயம். நாவூறை நம்பித்தான் செய்தாயா, அத்தானின் வாயைக் கட்டச் செய்தாயா? அவர் போனதும் மெல்லக் கேட்டேன். "நீயும் கேக்கப்படாது" என்றாய். பிறகு நாடியைத் தடவியபடி என்னை ஏற இறங்கப் பார்த்தாய்.

"உனக்கொரு வேலை இருக்கு. வழமைபோலை புளுகு. நல்லாய்ப் புளுகு. ஆனால் கேள்வி கேளாதை. கதை முடியேக்கை 'அப்ப எத்தினை பிள்ளை?' எண்டு வாலைத் தூக்கினியோ, இந்த அகப்பைக் காம்பு உன்ரை முதுகிலை முறியும்."

அக்கா, ராசாக்களின் சபையில் புலவனுக்குப் பட்டம் கட்டுவார்கள். புளுகனுக்குப் பட்டம் கட்டிய ஒரே சபை உன் அடுப்படிதான்.

அன்று பிட்டுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கினேன். நடுக்கடலில் ஒரு சுறாவைப் பிடித்தோம். அது வாலை அடித்ததில் நாகபட்டினத்தில் மழை பெய்தது. தனியொருவனாய் என் வள்ளத்தில் ஏற்றி வந்து அறுத்து, வீட்டுக்குப் பத்து றாத்தல் வீதம் ஆயிரம் வீட்டுக்குப் பங்கு வைத்தேன். வதனி தலை நிமிரவில்லை. பிட்டை உருட்டி உருட்டித் தின்றுவிட்டு எழும்பிப் போனாள். நான் உன்னைப் பார்த்தேன். நீ உதட்டில் விரலை வைத்தாய். அடுத்த நாளும் ஒன்றுமில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு பெரிய பாரம் என்று அன்றுதான் கண்டேன். நாக்கின் நுனியில் ஒரு நங்கூரமே தொங்கியது.

அதற்கு அடுத்த நாள் காலை தேத்தண்ணிக்கு வந்தேன். நீ பேசாமல் சுவரைக் காட்டினாய். கரியால் ஒரு பக்கம் பத்தாயிரம். மறுபக்கம் இரண்டாயிரத்து இருநூற்று நாற்பது. மூக்கிலும் கரியோடு வதனி எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, நீங்கள் செத்துப்போயிருக்கோணும்."

"என்னடி பிள்ளை, விடியக்காலமை?"

"போன மாதம் உங்கடை வள்ளம் இருபது அந்தருக்கு மேலை ஏத்தினால் தாழும் எண்டனீங்கள். ஒரு அந்தர் நூற்றுப் பன்னிரண்டு றாத்தல். உங்கடை சுறா பத்தாயிரம் றாத்தல். நாலு வள்ளம் தாண்டு போயிருக்கும். நீங்கள் எப்பிடி வந்தனீங்கள்?"

"நீந்தித்தான்..."

"சுறாவையும் தூக்கிக்கொண்டோ?"

நீ சட்டென்று திரும்பி அடுப்பை ஊதத் தொடங்கினாய். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு என் பாடு பெரும்பாடு. வதனி பிடிக்காத பொய்யாய்ச் சொல்ல வேண்டுமென்றால் நான் கணக்குப் படிக்க வேண்டியிருந்தது. பாய்மர நிழலில் இருந்து தொன்னும் றாத்தலும் பாகமும் பெருக்கி, ஓட்டை இல்லாத புளுகு கட்டிக்கொண்டு கரைக்கு வருவேன். அவள் அதில் ஓட்டை காண்பாள். சுவர் கறுத்துக்கொண்டே போனது. ஒருநாள் பின்னேரம் அத்தான் கடையால் வந்து, சட்டையைக் கழற்றாமலே அவளுக்குப் பக்கத்தில் குந்தி, தொண்டையைச் செருமினார். "இண்டைக்குக் கடையிலை லட்சம் முழம் துணி வித்தன்." பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், காது சிவந்துவிட்டது. வதனி அவருடைய கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அப்பா, ஒரு நாளிலை அவ்வளவும் கிழிக்கவே கை காணாது" என்றாள். அன்று அவர் மகளிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் ஒரு மணித்தியாலம் இருந்தார்.

நான் ரங்கூன் கதை விடும் நாட்களில் நீ குசினியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பாய். ரங்கூனை நான் கண்டது ஒரேயொரு முறை, அதுவும் காய்ச்சலோடு பாய்க்கட்டின் மேல் கிடந்து. அதை வைத்து முப்பது வருடம் கதை ஓட்டினேன். ஒருமுறை நீ வாளியை இடுப்பில் வைத்தபடி வந்து சொன்னாய். "இந்த வீட்டிலை ரங்கூன் போகாத சீவன் நானும் இந்தக் கிணறும்தான்." எல்லோரும் சிரித்தோம். நீயும் சிரித்துக்கொண்டு அடுத்த வாளிக்குப் போனாய்.

இப்போது வதனி ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறாள். சுபாவுக்கு எட்டு வயது. அவளும் விரல் மடிக்கிற சாதிதான். வதனி வகுப்பில் நூறு கேள்வி கேட்பாளாம். வீட்டில் மகளிடம் ஒன்றுகூடக் கேட்டதில்லை. உன் சட்டம் இன்னும் நடக்கிறது. எனக்குத்தான் கை முறிந்த மாதிரி. புளுகை விட்டு முடித்ததும் என் கண் தானாகக் குசினிப் பக்கம் போகும், நீ அடுப்பை ஊதுகிறாயா என்று பார்க்க.

வெள்ளை அடிப்பவர் கேட்டுவிட்டு நின்றார் என்றேன் அல்லவா? வதனி வந்து அந்தச் சுவரைத் தடவிப் பார்த்தாள். "அடியுங்கோ" என்றாள்.

"எடி, விசரே உனக்கு! அம்மா காத்து வைச்ச சுவர்!" என்று நான் குதித்தேன்.

"அம்மா சுவரைத்தானோ காத்தவ?" என்றாள் அவள். "இது முழுக்கக் கறுத்துப் போச்சுது மாமா. கரியாலை எழுதுறதுக்கு வெள்ளை வேணுமெல்லே. சுபா எங்கை எழுதுறது?"

சுவர் வெளுத்தது. நான் வளவுக்குள் போய், சுண்ணாம்பு மணத்தைத் திட்டிக்கொண்டு நின்றேன்.

நேற்று வெள்ளைக்காரரின் தொட்டிக்குத் தண்ணீர் போதவில்லை. (வெள்ளை அடிப்பவரைச் சுபா அப்படித்தான் சொல்கிறாள்.) நான் உன் கிணற்றில் அள்ளப் போனேன். ஐந்தாவது வாளியில் கப்பியோடு சேர்த்து என் தோளும் கிறீச்சிட்டது. குந்தி இருந்து மூச்சு வாங்கினேன். சுபா பக்கத்தில் வந்து நின்றாள். இவளும் தாயைப் பார்த்து என்னை மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். மூச்சு வந்ததும் புளுகும் வந்தது.

"உன்ரை அம்மம்மா இந்தக் கிணத்திலை இழுத்த கயிறெல்லாத்தையும் ஒண்டாய் நீட்டினால் என்ன, கொழும்புக்கே போகும்!"

கேள்வி கேட்கவில்லை அக்கா. சத்தியமாய்.

அவள் கயிற்றை எடுத்து என் விரித்த கைகளில் வைத்து அளந்தாள். மூன்று பாகம், பதினெட்டு அடி. தாயிடம் ஓடி, அம்மம்மா நாளுக்கு எத்தனை வாளி அள்ளுவா என்று விசாரித்தாள். குளிக்க, சமைக்க, வாழைக்கு என்று கூட்டி, நாற்பதுக்குக் குறையாது என்றாள் வதனி. சுபா குசினிக்குள் போனாள். பின்னேரம் வரை வரவில்லை. இடையிடையே தாயைக் கூப்பிட்டு, அடியை மைலாக்குவது எப்படி என்று மட்டும் கேட்டது காதில் விழுந்தது. வந்தபோது மூக்கில் கரி.

"மாமா, பொய்."

"கூட்டிச் சொல்லிப்போட்டனோ?"

"இல்லை. குறைச்சுச் சொல்லிப்போட்டியள். வரியத்துக்கு அம்பது மைல். கொழும்புக்கு அஞ்சு வரியமே காணும். அம்மம்மா நாற்பது வரியம் இழுத்தவ."

குறைத்துச் சொன்னேனாம்! ஐம்பத்தாறு வயதில் இப்படி ஒரு பழி. சுறாவை மலையாக்கினவன், மழையைக் கடலாக்கினவன், உன்னைப் பற்றிச் சொல்ல வந்த இடத்தில் கஞ்சனாகிப் போனேன்.

வதனி மெல்லக் கேட்டாள். "ரங்கூன் எவ்வளவு தூரம் மாமா?"

"ஆயிரத்து நூற்றைம்பது மைல்" என்றேன். ரங்கூனைப் பற்றி நான் சொன்ன முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

மூவரும் சுவருக்கு முன்னால் போய் நின்றோம். புது வெள்ளையில் கரி பளிச்சென்று இருந்தது. இரண்டாயிரம் மைல். சுபா அதிலிருந்து கழித்தாள், மீண்டும் கழித்தாள், உதட்டைக் கடித்தாள்.

"அம்மம்மா ரங்கூனுக்குப் போயிட்டா" என்றாள். "போய்த் திரும்பி வந்துகொண்டிருக்கிறா. இன்னும் முந்நூறு மைல்தான் கிடக்குது."

அடுப்பில் நெருப்பில்லை. ஆனாலும் நான் போய் ஊதினேன்.

காம்பா மிளகாயா என்று இனி உன்னிடம் கேட்க மாட்டேன். நான் கடலால் வரும் நாட்களில் நீ கையைக் கண்ணுக்கு மேல் பிடித்துக்கொண்டு கரையில் நிற்பாயே, அந்த இடத்தில்தான் இன்று விடிந்ததிலிருந்து நிற்கிறேன். வாடைக்காற்று நன்றாக வீசுகிறது, அக்கா. ரங்கூனிலிருந்து திரும்புகிறவர்களுக்குத் தோதான காற்று. முந்நூறு மைல் ஒரு தூரமே இல்லை.