விடுன்னா எந்த விடு?

பிப்ரவரி 6, செவ்வாய்

விசில் ஊதினேன். யாரும் வரவில்லை.

காற்றில் கேட்டிருக்காது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு இன்னொரு தடவை ஊதினேன். கோல்கீப்பர் பூட்ஸ் நாடாவைக் கட்டி முடித்து, நிதானமாக நிமிர்ந்து, "எழுந்திருங்கடா, பாப்பா கூப்பிடுது" என்றார். உடனே அத்தனை பேரும் எழுந்து வந்தார்கள். என் விசிலுக்கு அசையாத கால்கள் அவர் வாய்க்கு அசைந்தன.

பழைய கோச் சொல்லாமல் கொள்ளாமல் வேறு கிளப்புக்குப் போய்விட்டார். சீசனில் நாலு ஆட்டம் பாக்கி. கடைசி இடத்தில் முடிக்கிற அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும். நாங்கள் கடைசிக்கு ஒரு படி மேலே நிற்கிறோம். இந்த நேரத்தில் எவன் வருவான்? அதனால்தான் இதே கிளப்பில் சிறுமிகள் அணியைப் பார்த்துக்கொண்டிருந்த என்னைச் செயலாளர் கூப்பிட்டார். "உன்கிட்ட லைசென்ஸ் இருக்கு, டிகிரி இருக்கு. தலைமைக் கோச்னு போட்டுக்கோ. நாலு ஆட்டத்தை ஓட்டு, அப்புறம் பார்க்கலாம்."

எரிகிற வீட்டுக்கு வாட்ச்மேன் வேலை. இருக்கட்டும். எனக்கு இந்த வேலை வேண்டும். கேட்டு வாங்கியிருக்க மாட்டேன், அவ்வளவு வாய் எனக்குக் கிடையாது. ஆனால் தானாக வந்ததை யாரும் பிடுங்க விடமாட்டேன்.

பிப்ரவரி 7, புதன்

இவர்களை அண்ணே என்று கூப்பிடப் போவதில்லை. கூப்பிட்டால் நான் தங்கச்சி. தங்கச்சி சொல்லி எந்த அண்ணன் கேட்டிருக்கிறான்?

பிப்ரவரி 10, சனி

0–1.

இரண்டாம் பாதியில் உயரமாக வந்த பந்து ஒன்று எங்கள் கோலுக்கு முன்னால் இறங்கியது. கீப்பர் கத்திக்கொண்டே கோலை விட்டு ஓடி வந்தார். ஸ்டாப்பராக நடுவில் நின்று தடுக்கிற வெல்டரும் அதே பந்துக்குப் போய் ஓங்கி உதைத்தான். பந்து கீப்பரின் மார்பில் பட்டுத் திரும்பி எதிரணிக்காரன் காலடியில் விழுந்தது. காலி கோல். அவன் தூங்கிக்கொண்டே போட்டிருக்கலாம்.

எங்கள் ஆட்களுக்கெல்லாம் பகலில் வேறு வேலை உண்டு. கீப்பர் பஸ் ஓட்டுகிறார். அவர்தான் கேப்டன், பத்து வருஷமாக அந்தக் கோலுக்குப் பூட்டு. வெல்டர் வந்து ஒரு சீசன்தான் ஆகிறது, என் வயசுக்காரன். ஆட்டம் முடிந்து அறைக்குள் வந்ததும் கீப்பர் ஆரம்பித்தார்.

"விடுன்னு தொண்டை கிழியக் கத்தினேன். காதுல ஈயத்தைக் காய்ச்சி ஊத்தியிருக்கியா? உன் பட்டறையில அதுக்கு என்ன பஞ்சம்!"

"விடுன்னீங்க, விட்டேனே" என்றான் வெல்டர்.

அறையே சிரித்தது. அவன் ஜெர்சியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

வெளியே செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டார். "இந்த சீசன்ல அவனால போன கோல் இது எத்தனாவது? அடுத்த ஆட்டத்துல உக்கார வை." சரிங்க என்கிற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இருபத்தாறு வருஷப் பழக்கம். விழுங்கிவிட்டு, "பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டிருக்கிறது, முகம் மாறியது.

சாப்பிடும்போது அம்மா, "அத்தனை ஆம்பளைங்க நடுவுல நீ கத்தணுமாடி?" என்றாள்.

"கத்த மாட்டேம்மா."

"கத்தலைன்னா எப்படிக் கேப்பாங்க?"

நல்ல கேள்வி. டிகிரியில் இதற்குப் பாடம் இல்லை. அப்பா கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். அவரும் யாரிடமும் கத்தி நான் பார்த்ததில்லை. அவர் பேச்சை யாரும் கேட்டும் பார்த்ததில்லை. எனக்கு அப்படி ஆகக் கூடாது. ஆகாது.

பிப்ரவரி 12, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன்!

கோலுக்குப் பின்னாலிருந்து போனில் எடுத்த பழைய ஆட்டங்களின் வீடியோ கிளப்பில் இருக்கிறது. பழைய கோச் அவற்றைச் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் போட்டுக் காட்டுவார். பார்வையாளர்கள் வாயிலிருந்து வருவது அப்படி. நான் இன்று பஸ்ஸில் இயர்போன் மாட்டிக்கொண்டு சத்தத்தோடு பார்த்தேன். வெல்டர் தலையில் எழுதப்பட்ட கோல்கள் எல்லாவற்றிலும் கீப்பரின் குரல் தெளிவாகக் கேட்கிறது. எல்லாவற்றிலும் ஒரே சொல். விடு!

சனிக்கிழமை அவர் "விடு" என்றது, தொடாதே, நான் வருகிறேன் என்ற அர்த்தத்தில். இவன் உதைத்துவிட்டான். போன மாத ஆட்டத்தில் அவர் கோட்டிலேயே நின்றுகொண்டு "விடு விடு" என்கிறார், உதைத்துத் தள்ளு என்ற அர்த்தத்தில். அன்றைக்கு இவன் காலை இழுத்துக்கொண்டு ஒதுங்கிவிட்டான். பந்து உருண்டு போய் உள்ளே. இரண்டு தடவையும் அவர் கையை நீட்டி, "சொன்னேன்ல!" என்கிறார். சொன்னார்தான். இவனும் கேட்டான்தான்.

தொடாமல் விடு. உதைத்து விடு. பந்து வருகிற வேகத்தில் எந்த விடு என்று எவனுக்குத் தெரியும்?

இத்தனை நாள் ஒரு வினைச்சொல் செய்த குற்றத்துக்கு ஒரு மனிதன் திட்டு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

பிப்ரவரி 13, செவ்வாய்

விளக்கிப் பேச வராது எனக்கு. அதனால் அறையில் எல்லாரும் உட்கார்ந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "கீப்பர் விடுன்னு கத்தினா என்ன செய்வீங்க?"

"தூக்கி அடிப்பேன்" என்றார் எலக்ட்ரீஷியன்.

"அடிப்பியா? தொடவே கூடாதுய்யா" என்றார் பக்கத்தில் இருந்த பெயிண்டர்.

"தொடாம விட்டா கோல் போயிடுமேடா!"

"அதான் கீப்பர் வர்றாரே!"

"வராம இருந்தா?"

"உன் பொண்டாட்டி விடுன்னு சொன்னா என்ன செய்வ?"

"சம்பளத்தை அப்படியே அவ கையில விட்டுடுவேன்."

அறை இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. நான் வந்த பிறகு அவர்கள் ஆட்டத்தைப் பற்றி வாய் திறந்தது இதுதான் முதல் தடவை. வெல்டர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

இனிமேல் கீப்பர் வருவதாக இருந்தால் "எனக்கு" என்று கத்த வேண்டும், உதைக்கச் சொல்வதாக இருந்தால் "அடி" என்று கத்த வேண்டும், விடு என்ற சொல்லே ஆடுகளத்தில் கூடாது என்றேன்.

கீப்பர் எழுந்தார். "பத்து வருஷமா இந்த வாயாலதான் கத்துறேன். நேத்து வந்துட்டு என் வாயைத் திருத்துறீங்களா? பந்து விளையாட வந்தோமா, தமிழ் வகுப்புக்கு வந்தோமா?"

சிரிப்பு. அவர் போனார். பின்னாலேயே பாதிப் பேர் போனார்கள். மீதிப் பேரை வைத்துப் பயிற்சி நடத்தினேன். நடத்தினேன்ல? போதும்.

பிப்ரவரி 15, வியாழன்

செயலாளர் அறை. உட்காரச் சொல்லவில்லை, நின்றுகொண்டே இருந்தேன்.

"வெல்டர் பேரை எடுத்தாச்சா?"

"இல்லைங்க. அவர் ஆடுவார்."

"நான் சொன்னது புரியலையா உனக்கு?"

"புரிஞ்சுது. தப்பு அவர்மேல இல்லை. அவரை எடுத்துதான் ஆகணும்னா அதுக்கு வேற கோச்சைப் பாருங்க."

இதை நானா சொன்னேன்? படி இறங்கும்போது கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என்ன ஆச்சு இப்ப? ஒண்ணும் ஆகலையே. பேசினா யாரும் செத்துட மாட்டாங்க போல.

பிப்ரவரி 17, சனி

1–1. ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டம்.

கீப்பர் வேண்டுமென்றே, ஊருக்கே கேட்கிற மாதிரி, "விடு!" என்று கத்தினார். வெல்டர் ஒரு கணம் தடுமாறினான். எந்த விடு? அந்த ஒரு கணம் போதுமானதாக இருந்தது எதிரணிக்கு.

முடிந்ததும் அவர் திட்டினார். வெல்டர் தலை குனிந்தான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. எலக்ட்ரீஷியன் மட்டும், "எந்த விடுண்ணே அது?" என்று கேட்டார்.

பிப்ரவரி 19, திங்கள்

குளியலறையில் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கதவைத் தட்டி, "உள்ள யார்கூடடி பேசற?" என்றாள். "கீப்பர்கூட" என்றேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

பழைய கோச் அணியிலிருந்து யாரை நீக்கினாலும் பெயர்ப் பட்டியலை ஒட்டிவிட்டு மறைந்துவிடுவாராம். நான் பஸ் டிப்போவுக்கே போனேன். கீப்பர் காக்கிச் சட்டையில், கையில் தண்ணீர் பாட்டிலோடு, டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமை நீங்க ஆடப் போறதில்லை."

"செயலாளர் சொன்னாரா?"

"நான் சொல்றேன். அந்தச் சொல்லை மாத்தச் சொன்னேன், நீங்க மாத்தலை. இன்னொரு கோல் போனா அது வெல்டர் தலையிலதான் விழும், உங்க தலையில விழாது."

"நான் இல்லாம தோத்தா?"

"தோப்போம்."

வண்டியில் ஏறி உட்கார்ந்தவர், "தள்ளி நில்லுங்க, ரிவர்ஸ் எடுக்கணும்" என்றார்.

பிப்ரவரி 24, சனி

0–1.

மருந்துக்கடையில் வேலை செய்கிற மாற்று கீப்பர் ஆடினான். "எனக்கு!" என்று அவன் கீச்சுக் குரலில் கத்தியபோதெல்லாம் வெல்டர் ஒதுங்கினான், "அடி!" என்றபோதெல்லாம் அடித்தான். ஒரு தடுமாற்றம் இல்லை. கோல் போனது தூரத்திலிருந்து அடித்த பந்தில். பஸ்காரர் நின்றிருந்தால் பிடித்திருப்பார். எனக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும்.

செயலாளர் மைதானத்திலேயே, அத்தனை பேர் முன்னால், என்மேல் பாய்ந்தார். "கீப்பரை யாரைக் கேட்டு உக்கார வச்ச? அவர் என்ன தப்பு செஞ்சார், சொல்லு!"

கீப்பர் ரெண்டடி தள்ளிதான் நின்றார். நான் சொல்லியிருக்கலாம். சொல்ல நியாயமும் இருந்தது.

"உக்கார வச்சது நான்தான். ஏன்கிறது எங்க அறைக்குள்ள இருக்கற விஷயம். அது வெளிய வராது."

"திமிரா?"

இத்தனை வருஷத்தில் என்னை இப்படி ஒருத்தரும் கேட்டதில்லை. ஆமா, திமிருதான்.

பிப்ரவரி 25, ஞாயிறு

தூக்கினால் தூக்கட்டும். நானாகப் போகமாட்டேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

தூக்கவில்லை. ஒரே ஒரு ஆட்டத்துக்காக எந்த மடையனும் வர ஒத்துக்கொள்ளவில்லையாம். மடைச்சிதான் இருக்கிறேனே.

கீப்பர் பயிற்சிக்கு வந்தார், எல்லாருக்கும் முன்னால். என்னிடம் ஒன்றும் பேசாமல் போய்க் கோலில் நின்றார். முதல் பந்து உயரமாக வந்தது. ஓடி வந்துகொண்டே வாயைத் திறந்தவர், "வி... எனக்கு!" என்றார்.

"வியெனக்கா? இது எந்த மொழிண்ணே?" என்றார் பெயிண்டர்.

"மூடுடா" என்று சொல்லிக்கொண்டே கீப்பரும் சிரித்துவிட்டார். பிறகு பந்தைக் கையில் இடுக்கியபடி வெல்டரிடம் போய் ஏதோ சொன்னார். என் காதுக்கு எட்டவில்லை. எட்ட வேண்டிய அவசியமும் இல்லை. வெல்டர் தலையை மட்டும் ஆட்டினான்.

அவர் இன்னும் பழைய வாய்க்காரர்தான். நாலு பந்துக்கு ஒரு பந்தில் 'வி' எட்டிப் பார்க்கிறது.

மார்ச் 2, சனி

2–2. ஒரு புள்ளி போதுமானதாக இருந்தது. கீழே இறங்கவில்லை. அப்பா கிடங்கிலிருந்து நேராக மைதானத்துக்கு வந்து வெளியே வேலியோரம் நின்று பார்த்தாராம், அம்மா இப்போதுதான் சொல்கிறாள். அடுத்த சீசன் பற்றிச் செயலாளர் இன்னும் வாய் திறக்கவில்லை. திறக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

எழுத நினைத்தது இடைவேளையைப் பற்றி.

அப்போது 0–2. அறைக்குள் மூச்சு வாங்குகிற சத்தம்தான். எல்லாரும் உட்கார்ந்தார்கள், நான் நடுவில் நின்றேன். சொல்ல வேண்டியது தலைக்குள் வரிசையாக இருந்தது. இடது பக்கம் எதிரணி திறந்து கிடக்கிறது, எலக்ட்ரீஷியன் மேலே ஏறி ஆட வேண்டும், வெல்டர் அவர் இடத்தையும் சேர்த்துக் காக்க வேண்டும். எல்லாம் இருந்தது. தொண்டைதான் திறக்கவில்லை. பழைய வியாதி. டிகிரி வாய்மொழித் தேர்வில் வாயடைத்து நின்ற மாதிரியே நின்றேன்.

அந்த நேரம் பார்த்துச் செயலாளர் கதவைத் தட்டினார். தட்டிக்கொண்டே தள்ளினார். "என்ன நடக்குது உள்ள? நான் பேசணும் அவங்ககிட்ட!"

கீப்பர் எழுந்து போய்க் கதவுக்குக் கீழே பூட்ஸ் காலை வைத்தார்.

"கோச் பேசிட்டிருக்காங்க. முடிஞ்சதும் சொல்லி அனுப்பறோம்."

"நான் யாருன்னு தெரியுதா?"

"தெரியுதுங்க. அதனாலதான் மரியாதையா சொல்றேன்."

கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

நான் அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. அது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.